ஒற்றைக்காது டொக்டர்

அந்த டொக்டர் அம்மாவுக்கு மனிதர்களின் கைகளைப் பிடிக்காது. வாயை நம்பவும் மாட்டார். கையையும் வாயையும் வைத்துத்தான் நாம் எல்லோரும் பிழைக்கிறோம் என்பதால், எங்கள் பக்கத்தில் அவரை யாருக்கும் பிடிக்காமல் போனதில் வியப்பில்லை.

எங்கள் மலைநகரத்து ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷன் நோயாளிகளுக்கு மயக்க மருந்து கொடுப்பது அவர் வேலை. ஐந்தடிக்கும் குறைவான உயரம். தியேட்டரில் போடும் பச்சை உடுப்புக்கு மேலே முழங்கை பிரிந்த ஒரு கம்பளிச் சட்டை. காலில் ஆண்களுடைய தடித்த காலுறை, அதன் மேல் இறப்பர் செருப்பு. இடது காதில் எப்போதும் ஒரு சின்னக் குழாய் தொங்கிக்கொண்டிருக்கும். அவர் காது கேளாதவர் என்று நினைத்துச் சனம் அவரிடம் கத்திப் பேசும்.

“கத்தாதீங்க. எனக்கு ரெண்டு காதும் கேக்கும். ஒங்களுக்கு ஒன்னுதான்” என்பார்.

மற்றது யாருக்கு என்று பிறகுதான் தெரிந்தது. அந்தக் குழாயின் மறுமுனையை, மயங்கிக் கிடக்கும் நோயாளியின் நெஞ்சில் பிளாஸ்டர் போட்டு ஒட்டிவிடுவாராம். ஒப்பரேஷன் முடியும்வரை இடது காதில் நெஞ்சுத் துடிப்பு, வலது காதில் உலகம். திரையில் கோடு ஓடுகிறது, மெசின் பீப் என்கிறது, இந்தப் பழைய குழாய் எதற்கு என்று இளம் டொக்டர்மார் சிரிப்பார்களாம். “மெசின் கரண்டுல ஓடுது. நான் தேத்தண்ணியில ஓடுறேன். நம்ம ஊருல எது மொதல்ல நிக்கும்?” என்று கேட்பாராம். தூறல் விழுந்தாலே மின்சாரம் போகிற ஊர்.

தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து படித்து வந்தவர் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் ‘நம்ம புள்ள’ என்று உரிமை கொண்டாடி, வரிசையில் முந்த ஆசைப்பட்டவர்கள் நிறையப் பேர். எந்தத் தோட்டம் என்று கேட்டால் போதும்.

“தெரிஞ்சு என்ன செய்யப் போறீங்க? கொழுந்து நிறுக்கவா?”

வாயை நம்பமாட்டார் என்றேன். அதற்குக் காரணம் இருந்தது. ஒப்பரேஷனுக்கு முன்பு எதுவும் சாப்பிடக் கூடாது, குடிக்கக் கூடாது என்று சொல்லி அனுப்புவார்கள். எங்கள் சனம் அதை அட்சரம் பிசகாமல் கடைப்பிடிக்கும், தேத்தண்ணியைத் தவிர. எங்களுக்குத் தேத்தண்ணி உணவும் இல்லை, பானமும் இல்லை. விடிந்துவிட்டது என்பதற்கான அத்தாட்சி. மற்ற டொக்டர்மார் “ஏதாவது குடித்தீர்களா?” என்று கேட்பார்கள். “ஒன்னுமே இல்லீங்க” என்று இவர்கள் மனதாரச் சத்தியம் செய்வார்கள். அந்த அம்மா அப்படிக் கேட்கமாட்டார். குடலிறக்கத்துக்காக வந்திருந்த ஓய்வுபெற்ற கங்காணி ஒருவரிடம் அவர் பேசியதைப் பக்கத்து வாங்கில் உட்கார்ந்திருந்த நானே கேட்டேன்.

“ஐயா, காலையில தேத்தண்ணி கோப்பையிலயா குடிச்சீங்க, டம்ளர்லயா?”

“டம்ளர்லதாங்க டொக்டர்.”

“நல்லது. வீட்டுக்குப் போயி மத்தியானமும் அதே டம்ளர்ல இன்னொன்னு குடிங்க. ஒப்பரேஷன் அடுத்த கெழம.”

கங்காணி என்னைப் பார்த்து, “இந்தம்மா சூனியக்காரி சேர்” என்று முணுமுணுத்தார். தாம் எப்படிப் பிடிபட்டோம் என்பது கடைசிவரை அவருக்கு விளங்கவில்லை.

கைகளைப் பற்றிய கோபம் இதைவிடப் பெரியது. நோயாளியைக் கொண்டுபோகும் தள்ளுவண்டியை மனைவிமார் பிடித்துக்கொண்டே ஓடினால், “கைய எடுங்க.” அழுகிற தாய் பிள்ளையை விடாமல் இறுக்கினால், “கைய எடுங்க.” தொழிற்சங்கத் தலைவர் ஒருவர் உறவுக்காரருக்கு முன்னதாக நாள் வாங்க வந்து, அவருடைய மேசையில் கையை ஊன்றி, “தங்கச்சி” என்று தொடங்கினார். “கைய எடுங்க.” தலைவர் கையை எடுத்தார், அடுத்த கூட்டத்தில் அந்த அம்மாவைத் திட்டிப் பேசினார். “மனுசன் பாதிப் பேரு நோயால சாகுறான். மீதிப் பேரு, எவனோ எதையோ புடிச்சு இழுத்துக்கிட்டே நிக்கிறதால சாகுறான்” என்பது டொக்டர் அம்மாவுடைய சித்தாந்தம். தலைக்கனம் பிடித்த பெண் என்பது எங்களுடைய சித்தாந்தம்.

என் மகள் அபிநயாவுக்கு அப்போது ஒன்பது வயது. இரண்டு கண்களும் மூக்கையே பார்க்கும். மாறுகண் அதிர்ஷ்டம் என்று உறவினர்கள் சொன்னார்கள். அந்த அதிர்ஷ்டம் அவள் வகுப்பறைக்குள் மட்டும் வரவில்லை. “மேல போற பஸ்ஸயும் கீழ வர்ற பஸ்ஸயும் ஒன்னாப் பாக்குறா” என்று பிள்ளைகள் சிரித்தார்கள். வகுப்புப் படம் எடுத்தபோது அவள் சுவரைப் பார்த்து நின்றாள். நான் படிப்பிக்கும் பாடசாலையில்தான். அந்தப் படம் இன்றைக்கும் அதிபர் அறையில் தொங்குகிறது.

கண் ஒப்பரேஷன் செய்ய மாதம் ஒருமுறை கொழும்பிலிருந்து பெரிய டொக்டர் ஒருவர் வருவார். நல்ல வாசனை, நல்ல சிரிப்பு. வழியில் கினிகத்தேனையில் மூடுபனி என்று சொல்லித் தாமதமாகத்தான் வருவார், வெயில் நாட்களிலும். வந்ததும் காத்திருப்பவர்கள் தோளையெல்லாம் தட்டிக்கொண்டு போவார். எங்களுக்கு அவர் தெய்வம். தட்டப்பட்ட தோளுடன் வீட்டுக்குப் போவதே பாதி சுகம்.

மகளின் ஒப்பரேஷனுக்கு முதல் நாள் வார்ட்டில் மயக்க டொக்டர் என்னிடம் கேள்வி கேட்டார். என் மனைவி மகளுக்கு உடுப்பு மாற்ற உள்ளே போயிருந்தாள்.

“நெஞ்சு வருத்தம், இழுப்பு ஏதாவது இருக்கா?”

“இல்லை.”

“எப்பயாவது மயங்கி விழுந்திருக்காளா? ஊசி போட்டப்ப, காது குத்தினப்ப?”

“இல்லை.”

இந்த இரண்டாவது ‘இல்லை’யைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்திருங்கள்.

“நீங்க என்ன செய்றீங்க?”

“விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். தரம் எட்டு, ஒன்பது.”

“அப்ப இதயம் படிப்பிப்பீங்க.”

“பதினைந்து வருசமா” என்றேன், கொஞ்சம் நிமிர்ந்து.

“நாலு அறையும் கீறி, கலர் அடிச்சு, பேரு எழுதுவீங்க.” படிவத்தில் ஏதோ எழுதிக்கொண்டே சொன்னார். “லயத்துக் காம்பரா மாதிரி, அதுல இருந்து எங்கயும் வழி போகாதுன்னு.”

மறுநாள் காலை மகளை உள்ளே கொண்டுபோனார்கள். அவளுடைய சின்னத் தோடுகளைக் கழற்றி என்னிடம் தந்தார்கள். அவற்றைக் கைக்குள் பொத்திக்கொண்டு தியேட்டர் வாசல் வாங்கில் உட்கார்ந்திருந்தேன். அரை மணித்தியாலம் போயிருக்கும். உள்ளே ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னது. பிறகு அதே குரல் சிங்களத்தில், கொஞ்சம் உரக்க. பிறகு கதவு அதிரும்படி, கொழுந்து மலையில் ஒரு மலையிலிருந்து அடுத்த மலைக்குக் கூப்பிடுகிற தொண்டையில்:

“கைய எடுய்யா!”

என் கைக்குள் தோட்டின் திருகாணி குத்தி இரத்தம் வந்திருந்ததை வெகுநேரம் கழித்துத்தான் பார்த்தேன்.

உள்ளே நடந்ததைத் தியேட்டரில் வேலை செய்த அட்டண்டன் அக்கா சில மாதங்களுக்குப் பிறகுதான் சொன்னார். மாறுகண்ணை நேராக்க, கண்ணை அசைக்கிற தசையை ஒரு சின்னக் கொக்கியால் தூக்கி இழுக்க வேண்டும். பெரிய டொக்டர் இழுத்தார். மயக்க டொக்டரின் இடது காதில் துடிப்பு மெதுவானது, பிறகு இல்லாமல் போனது. மெசின் அலறுவதற்குள்ளேயே அந்த அம்மா ஆங்கிலத்தில் மரியாதையாக விடச் சொன்னார். “ஒரு நிமிடம்” என்றார் பெரிய டொக்டர். அம்மா சிங்களத்தில் சொன்னார். பெரிய டொக்டர் நிமிர்ந்து பார்த்தார், கொக்கியை விடவில்லை. அவருக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் அந்தத் தமிழ் அவருக்கு உடனே விளங்கிவிட்டது.

கண்ணில் இழுத்தால் நெஞ்சு நிற்குமாம். பிள்ளைகளுக்கு இன்னும் சுலபமாக நிற்குமாம். அந்த இழுப்பு ஒரு நரம்பு வழியாக மூளைக்குப் போகும். மூளை இன்னொரு நரம்பு வழியாக ‘மெதுவாகப் போ’ என்று இதயத்துக்கு உத்தரவு போடும். சில இதயங்கள் மிகவும் கீழ்ப்படிவானவை, நின்றேவிடும். முதல் வைத்தியம் இழுக்கிற கையை எடுப்பது. அடுத்தது துடிப்பைத் தூண்டுகிற ஊசி. அந்த ஊசியை அவர் தொடக்கத்திலிருந்தே நிரப்பி விரலிடுக்கில் வைத்திருந்தாராம். எல்லா ஒப்பரேஷனுக்கும் அப்படித்தானாம், பெரும்பாலான நாட்களில் மருந்து வீணாகிறது என்று நர்ஸ் மிஸ்மார் முறைப்பாடு செய்வார்களாம். அன்றைக்கு வீணாகவில்லை. ஊசியைப் போட்டுவிட்டு, அது வேலை செய்யும்வரை என் மகளின் நெஞ்சைக் கையால் அழுத்தத் தொடங்கினாராம். சில அழுத்தம்தான். காதுக்குள் மறுபடி ‘டொக்’ என்றதாம்.

பதினைந்து வருடமாக நான் கலர் அடித்த படத்தில் கண்ணிலிருந்து இதயத்துக்கு ஒரு கோடும் இருந்ததில்லை.

முதலில் வெளியே வந்தவர் பெரிய டொக்டர். சிரித்தார். தோளைத் தட்டினார். எல்லாம் அருமையாக முடிந்தது, வலது கண் இனி நேர், உங்கள் மயக்க டொக்டர் கொஞ்சம் பயந்த சுபாவம், அதனால் இடது கண்ணை அடுத்த முறை பார்ப்போம் என்று சிங்களத்தில் சொன்னார். கும்பிட்டேன்.

பின்னால் அந்த அம்மா வந்தார். வாசலில் இருந்த மேசையில் பிளாஸ்க்கைத் திறந்து தேத்தண்ணி ஊற்றினார். ஒரு பிஸ்கட்டை எடுத்தார். பிறகுதான் என்னைப் பார்த்தார்.

“ஒங்க புள்ளைக்கு நெஞ்சு பதினோரு செக்கன் நின்னுச்சு. இப்ப ஓடுது, நல்லா இருக்கா. ஏன் அவ்வளவு நேரம் நின்னுச்சுன்னு தெரியாம மத்தக் கண்ணத் தொட விடமாட்டேன். நெஞ்சுக்கு டெஸ்ட் எழுதித் தர்றேன்.”

சொல்லிக்கொண்டே பிஸ்கட்டைத் தேத்தண்ணியில் தோய்த்தார். அது பாதியில் உடைந்து உள்ளே விழுந்தது. இன்னொன்றை எடுத்தார், அதுவும் விழுந்தது. என் பிள்ளையின் நெஞ்சு நின்ற கதையைப் பிஸ்கட் தின்றுகொண்டு சொல்கிறாளே, அதையாவது ஒழுங்காகத் தோய்க்கத் தெரிகிறதா என்று மனதுக்குள் திட்டினேன். அந்தக் கை ஏன் ஆடியது என்று யோசிக்கிற அளவுக்கு எனக்கு அன்று விஞ்ஞானம் தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் படித்தவன் செய்கிற காரியத்தைச் செய்தேன். அந்த அம்மாவைப் பற்றி மேலிடத்துக்குப் பெட்டிசன் எழுதினேன். வட்டகொடைப் பக்கத்தில் மூன்று தோட்டங்களுக்குப் பெட்டிசன் எழுதிக் கொடுத்த கை அது. ‘தோல்வியுற்ற தமது தைரியத்தை மறைக்கும்பொருட்டு, ஓரிரு விநாடிகள் இதயம் நின்றதாகக் கூறி, பெற்றோரை மனவுளைச்சலுக்கு உள்ளாக்கியும், நிபுணரை அநாகரிகமான தொனியில் அதட்டியும்…’ என்று ஒன்றரைப் பக்கம். கடைசியில் வழக்கம் போல ‘பிரதிகள்’ என்று போட்டு நான்கு பேருக்கு. பிரதி போகாத பெட்டிசனை எங்கள் பக்கத்தில் யாரும் மதிப்பதில்லை.

ஒரு கண் நேராகவும் ஒரு கண் மூக்கைப் பார்த்தும் மகள் ஒரு மாதம் பாடசாலைக்குப் போனாள். “முந்தி ரெண்டும் ஒரே மாதிரி இருந்திச்சுப்பா. இப்பதான் கூடச் சிரிக்கிறாங்க” என்றாள்.

டெஸ்ட் எல்லாம் சரியாக இருந்தது. அடுத்த மாதக் கிளினிக்குக்கு மனைவியும் வந்தாள். டொக்டர் அம்மா என்னை விட்டுவிட்டு அவளிடம் திரும்பினார். தேத்தண்ணிக் கோப்பையைக் கேட்ட அதே குரல்.

“ஏம்மா, புள்ளைக்கு எப்பயாவது சாமி வந்திருக்கா?”

என் மனைவியின் முகம் விளக்கேற்றியது போல ஆனது. நான் அவள் காலை மிதித்தேன். பலனில்லை.

“வந்துச்சுங்க டொக்டர்! அஞ்சு வயசுல, கோயில்ல வச்சி காது குத்தினப்ப. ஊசி பட்டதும் மொகம் வெளுத்து, வேர்த்து, கண்ணு மேல சொருகி, அப்படியே சரிஞ்சிருச்சு. மாரியம்மாதாங்க. எல்லாரும் விழுந்து கும்பிட்டோம். எங்க மாமா வாக்குக்கூடக் கேட்டாரு.”

“என்ன கேட்டாரு?”

“லயத்துக் கூரைக்கு எப்பத் தகரம் மாத்துவாங்கன்னு.”

“சாமி என்னா சொன்னிச்சு?”

“ஒன்னும் சொல்லலீங்க. கண்ண முழிச்சி தேத்தண்ணி கேட்டுச்சு.”

டொக்டர் அம்மா மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

“சேர், காது குத்தினதையும் சேத்துத்தானே ஒங்கக்கிட்ட கேட்டேன்?”

கேட்டிருந்தார். அது மயக்கம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. சாமி வந்தது என்று டொக்டரிடம் சொன்னால் நான் படிக்காதவன் ஆகிவிடுவேன். மயக்கம் என்று சொன்னால் வீட்டில் மாரியம்மாவைப் பொய்யாக்கியவன் ஆகிவிடுவேன். கோயிலில் அன்று எல்லோரோடும் சேர்ந்து நானும்தான் விழுந்து கும்பிட்டேன். ‘இல்லை’ என்ற ஒரு சொல் எல்லாவற்றுக்கும் வசதியாக இருந்தது. அந்த வசதியின் விலை பதினொரு விநாடி என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

“சொல்லியிருந்தா நிக்காதா டொக்டர்?” என்றேன்.

“சொல்லியிருந்தா ஊசிய மொதல்லயே போட்டிருப்பேன். அப்பவும் நின்னிருக்கலாம். நிக்காமலும் இருந்திருக்கலாம்.” கோப்புக்குள் எதையோ தேடினார். “அதுக்காக மொகத்த அப்படி வச்சிக்காதீங்க. ஒங்க வாய நம்பியா நான் வேல செய்றேன்? ஊசி என் கையிலதானே இருந்திச்சு.”

தேடியதை எடுத்து மேசையில் வைத்தார். என் பெட்டிசன். விளக்கம் கேட்டு அவருக்கு அனுப்பப்பட்ட பிரதி.

“எழுத்து நல்லா இருக்கு. ஒரு எடத்துலதான் பிழை.”

‘ஓரிரு’ என்ற சொல்லைச் சிவப்புப் பேனாவால் வெட்டி, மேலே ‘பதினொரு’ என்று எழுதியிருந்தார். பக்கத்தில் ஆசிரியர்களான எங்களைப் போலவே ஒரு வட்டமும் போட்டிருந்தார். வாழ்நாளில் முதல் தடவையாக, திருத்தப்படுகிற பக்கத்திலிருந்து சிவப்பு மை எப்படி வலிக்கும் என்று தெரிந்தது.

இரண்டாவது ஒப்பரேஷனுக்குக் கையெழுத்துப் போட வேண்டிய படிவம் எதிரே கிடந்தது. மகளைக் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகட்டுமா என்று கேட்டேன்.

“கொண்டு போங்க. அங்கயும் இழுக்கத்தான் செய்வாங்க. போனா, சாமி வந்தத மறக்காமச் சொல்லுங்க.”

“இங்கயே செய்யலாங்க” என்றாள் என் மனைவி. “இந்தம்மாவுக்குத்தான் கேக்கத் தெரியுது.”

மகள் என்னைப் பார்த்தாள், நேரான கண்ணால். கையெழுத்துப் போட்டேன்.

இரண்டாவது ஒப்பரேஷன் அன்று பிள்ளை மயங்கும்வரை என்னைக் கூட நிற்கவிட்டார்கள். மகளின் ஒரு கையை நான் பிடித்திருந்தேன். மறுகையில் ஊசி ஏற்றினார்கள். குழாய்க்குள் ஒரு துளி இரத்தம் எட்டிப் பார்த்தது.

“கைய எடுங்க சேர்.”

எடுக்க முடியவில்லை. பெட்டிசன் எழுதிய விரல்கள் ஒன்றுகூட என் சொல்லைக் கேட்கவில்லை.

“சேர். கைய எடுங்க.”

அடுத்து நான் பார்த்தது நடைக்கூடத்துக் கூரை. யாரோ என்னை நிமிர்த்தி உட்கார வைக்க முயன்றார்கள். தோட்டத்தில் விழுந்தவரை உடனே உட்கார வைத்து வாயில் தேத்தண்ணி ஊற்றுவதுதான் வழக்கம்.

“ஒக்கார வைக்காத! படுக்க வச்சிக் காலத் தூக்கு!” உள்ளிருந்து அந்தக் குரல் வந்தது. “சேருக்கும் மாரியம்மா வந்துட்டா. வாக்கு ஒன்னும் கேக்காதீங்க, எனக்கு இங்க வேல இருக்கு.”

அட்டண்டன் அக்கா என் இரண்டு கால்களையும் ஒரு கதிரையில் தூக்கி வைத்துவிட்டுப் போனார். அந்தக் கோலத்தில் அரை மணித்தியாலம் கிடந்தேன். என் மாணவன் ஒருவனுடைய தகப்பன் கடந்துபோனவர், நின்று, குனிந்து, “சேர், தவணைப் பரீட்ச பேப்பர் திருத்தியாச்சுங்களா?” என்று கேட்டார். கதவுக்குப் பின்னால் என் மகளுடைய கண்ணை இழுத்துக்கொண்டிருந்தார்கள். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். பதினொன்று வந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து.

கதவு திறந்தது. குழாய் இன்னும் காதில் தொங்கியது.

“புள்ளைக்கு நிக்கல. ஒரு தடவ மெதுவாச்சு. நான் வாயத் தொறக்க முந்தியே பெரிய டொக்டர் கைய எடுத்துட்டாரு.” கொஞ்சம் நிறுத்தி, “பழகிட்டாரு” என்றார்.

எழுந்து அவர் காலைத் தொடப் போனேன்.

“கைய எடுங்க. இப்ப எழும்பாதீங்க, திரும்பவும் விழுவீங்க. பெட்டிசன வாபஸ் வாங்கிறதுன்னா உக்காந்து எழுதுங்க. பிரதி நாலு பேருக்கும் போகணும்.”

எழுதினேன், நான்கு பேருக்கும் போனது. அந்த வருட முடிவில் எங்கள் பாடசாலையில் பெரிய டொக்டருக்குப் பொன்னாடை போர்த்தி, மாலை போட்டு விழா எடுத்தார்கள். மயக்க டொக்டரைக் கூப்பிட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. விழாவில் வரவேற்புரை நான்தான். எனக்கு மட்டும் தோன்றியது. சொல்லவில்லை. ‘இல்லை’ என்று சொல்வதைப் போலவே அதுவும் வசதியாக இருந்தது. அடுத்த வருடம் அவர் மாற்றலாகிப் போய்விட்டார் என்றார்கள். எந்த ஊர் என்று அட்டண்டன் அக்காவிடம் கேட்டேன். “கேட்டேன் சேர். ‘தெரிஞ்சு என்ன செய்யப் போற, கொழுந்து நிறுக்கவா’ன்னாங்க” என்றார்.

அபிநயாவுக்கு இப்போது பதினாறு வயது. இரண்டு கண்களும் நேராக என்னைப் பார்க்கின்றன, பெரும்பாலும் எரிச்சலோடு. சனிக்கிழமைகளில் ஹட்டன் டியூஷனுக்குக் கூட்டிப் போகிறேன். திரும்பும்போது பஸ் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிவிடுவாள். வாய் கொஞ்சம் திறந்திருக்கும், முகம் அசையாமல் இருக்கும். பஸ் குலுக்கலில் அவள் மூச்சு விடுகிறாளா என்று தெரியாது. போன சனிக்கிழமையும் என் இரண்டு விரல்கள் தாமாகவே போய் அவள் மணிக்கட்டில் உட்கார்ந்தன.

“கைய எடுங்கப்பா” என்றாள், கண்ணைத் திறக்காமல்.

எடுத்தேன். பதினொன்று வரை எண்ணிய பிறகு.